நாலாவது பந்தில் கயிறு தளர்கிறது

தோங்யோங்
டிசம்பர் 9

கிசோல் அவர்களுக்கு,

‘நீங்கள்’ என்று எழுதுகிறேன். புருஷன் பெண்டாட்டி நமக்குள் எப்போதும் நீ, வா, போதான் என்பது சோங்பியோங் ஏரிக்கரை முழுக்கத் தெரியும். நான் மரியாதை கொடுத்தால் எவ்வளவு கோபத்தில் இருக்கிறேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

குளிர்காலத்துக்கு நான் இங்கே அக்கா வீட்டுக்கு வந்த பிறகு போனில் மூன்று முறை பேசினோம். மூன்று முறையும் நான்தான் பட்டென்று வைத்தேன். மூன்றாவது முறை வைத்த வேகத்தில் போன் மேசையிலிருந்து விழுந்து, ரிசீவரில் ஒரு மூலை உடைந்துவிட்டது. யோன்ஹீ அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அடியே, சண்டை உங்களோடது, போன் என்னோடது. இனிமே லெட்டர் போட்டுச் சண்டை போட்டுக்கோங்க.” அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னதான் சண்டை என்று அக்கா கேட்டாள். ஒற்றை ஸ்கீயில் நின்று, படகுக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து, தண்ணீரில் மிதக்கும் ஆறு பந்துகளைச் சுற்றி வர வேண்டும் என்றேன். படகு நடுவில் நேராக, மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் போக வேண்டும். கயிறு குட்டையாகக் குட்டையாகக் கஷ்டம். பதின்மூன்று மீட்டர் கயிற்றில் எனக்கு மூன்று பந்து சுத்தமாக வருகிறது. நாலாவது பந்தில் கயிறு தளர்கிறது. ஏழு ஞாயிற்றுக்கிழமையும் அதே பந்து, அதே தளர்ச்சி. செப்டம்பரில் மாகாண அணிக்கான தேர்விலும் அதே பந்தில் விழுந்தேன்.

“படகுதான் தளருது” என்று நான் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? நம்மிடம் வேக்போர்டு, அந்த அகலப் பலகைச் சறுக்கு, பழக வந்த அத்தனை மாணவர்களும் நம் கடை மிதவையில் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, “பதினாலு வருஷமா இந்தப் படகை ஓட்டுறேன், என் கை தளராது. உன் கைதான் மடங்குது” என்றீர்கள். ஒரு பெண் சிரித்தாள். எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அதனால் தெளிவாக எழுதிவிடுகிறேன். எதிர்க்கரை மேங் முதலாளி புதுப் படகு இறக்கியிருக்கிறார். அதில் வேகத்தை எண்ணாகப் போட்டுவிட்டால் இயந்திரமே பிடித்துக்கொள்ளும். யார் கையும் வேண்டாம். காலையில் அவர் படகில் ஸ்கீ பழகிக்கொள்ளலாம், பிறகு அவர் கடையில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பிப்ரவரி கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நாற்பது ஆகப் போகிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட என்னிடம் நிறைய வருஷம் இல்லை. பனிக்கட்டி உருகியதும் யார் படகுக்குப் பின்னால் நிற்பது என்பதை இந்தக் குளிர்காலத்தில் நானே முடிவு செய்வேன்.

நான் போட்டு வைத்துவிட்டு வந்த ஊறுகாய்களில் முள்ளங்கிக் கிம்ச்சியை முதலில் சாப்பிடுங்கள். அது சீக்கிரம் புளிக்கும்.

யோன்ஜு


சோங்பியோங்
டிசம்பர் 17

யோன்ஜுவுக்கு,

நான் ‘நீ’ என்றே எழுதுகிறேன். எனக்குக் கோபம் இல்லை.

ஏரி கரையோரம் கெட்டியாகிவிட்டது. தினமும் காலையில் கடப்பாறையோடு போய் மிதவையைச் சுற்றிப் பனிக்கட்டி உடைக்கிறேன். படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டுவிட்டேன். இயந்திரத்தில் தண்ணீர் வடித்தாகிவிட்டது. கதவுக் கீல் சரியாகிவிட்டது. முட்டைக்கோஸ் கிம்ச்சியைத்தான் முதலில் திறந்துவிட்டேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

குளிர்காலத்தில் உடம்பைச் சும்மா விடாதே. யோசித்துப் பார்த்தேன். பனிச்சறுக்கு நல்லது, முழங்காலும் இடுப்பும் நம் விளையாட்டு மாதிரியே வேலை செய்யும். அங்கே மலை இல்லையென்றால் சுவர் ஏறும் கூடம் ஏதாவது இருக்கிறதா பார். விரல் பிடி கெட்டிப்படும். ஸ்கேட்டிங் என்றாலும் சரி. துடுப்புப் படகு மட்டும் வேண்டாம். முதுகுக்கு நல்லதுதான், ஆனால் கடைசியில் கையை மடக்கி நெஞ்சுக்கு இழுப்பார்கள். அந்தப் பழக்கம் உனக்கு விஷம். நம் மாணவர்கள் எல்லோரும் நகரத்தில் துள்ளிக் குதிக்கும் டிராம்பொலின் கூடத்துக்குப் போகிறார்கள். குட்டிக்கரணம் போட்டுக் காட்டுகிறேன் என்று ஒருத்தன் நம் கூடத்திலேயே குதித்து விளக்கை உடைத்தான். அவர்கள் வேக்போர்டுக்கு அது சரி. உனக்கு வேண்டாம்.

படகு பற்றி நான் என்ன எழுத. சொன்னதைத்தான் சொல்ல முடியும். என் கை சரியாகத்தான் இருந்தது.

மேங் முதலாளி புதுப் படகைப் பற்றிக் கரை முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். நல்ல படகுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

பைன் கொட்டை ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அக்காவுக்கும் கொடு.

கிசோல்


தோங்யோங்
டிசம்பர் 28

கிசோல் அவர்களுக்கு,

கதவுக் கீல் சரியாகிவிட்டதா? ரொம்பச் சந்தோஷம். பதினாலு வருஷக் கல்யாணத்தில் நான் கேட்ட கேள்விக்குக் கதவுக் கீலைப் பதிலாகத் தந்த ஒரே மனிதர் நீங்கள்தான்.

இந்த ஊரில் பனியும் இல்லை, சறுக்கும் இல்லை. மழைதான். ஆனால் எனக்கு ஒரு பயிற்சி கிடைத்துவிட்டது. கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கயிறு இழுக்கும் போட்டி.

அக்கா என்னையும் வேலைக்குச் சேர்த்துவிட்ட சிப்பி உரிக்கும் கொட்டகையில் பெண்கள் அணி ஒன்று இருக்கிறது. எட்டுப் பேர். பகல் முழுக்கக் கத்தியை வைத்துச் சிப்பி ஓட்டைப் பிளந்த கைகள். மாலையில் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பழகுகிறார்கள். ஒருத்திக்குப் பிரசவம் நெருங்கிவிட்டதால் ஓர் இடம் காலி. மேஸ்திரி ஹோசுன் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“தண்ணியில கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவளாமே நீ?”

“ஆமாக்கா.”

“அந்தப் பக்கம் யாரு இழுப்பா?”

“என் புருஷன். படகுல.”

“அப்ப உனக்குப் பழக்கம்தான். வா, நாலாவது எடத்துல நில்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

ஆனால் கேளுங்கள், இது விளையாட்டு இல்லை. கையால் இழுத்தால் ஹோசுன் அக்கா முதுகில் ஓர் அடி போடுகிறாள். “கை கொக்கிடி! கொக்கி இழுக்குமா? காலும் இடுப்பும் இழுக்கட்டும்!” கை நீட்டியபடி இருக்க வேண்டும், கயிறு அக்குளில் ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பை மேலே தள்ளி, உடம்பைப் பலகை மாதிரி பின்னால் சாய்த்து நிற்க வேண்டும். அலையைக் குறுக்கே வெட்டும்போது நான் எப்படி நிற்க வேண்டும் என்று நீங்கள் பதினாலு வருஷமாகக் கத்தினீர்களோ அதேதான், அட்சரம் பிசகாமல். ஒரே வித்தியாசம், இங்கே கத்துகிறவள் அடிக்கவும் செய்கிறாள்.

இரண்டு வாரமாகிறது. நேற்று ஹோசுன் அக்கா என் கையை நீவிப் பார்த்து, “இது மடங்காது, நான் எழுதித் தர்றேன்” என்றாள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வசந்தத்தில் நாலாவது பந்தில் கயிறு மறுபடி தளர்ந்தால், அது என் கை இல்லை. அப்போது யாரைக் கேட்க வேண்டும்?

சிப்பி ஒரு பெட்டி அனுப்புகிறேன். பச்சையாகத் தின்ன வேண்டாம், உங்கள் வயிறு எனக்குத் தெரியும். கஞ்சியில் போடுங்கள்.

யோன்ஜு


சோங்பியோங்
ஜனவரி 11

யோன்ஜுவுக்கு,

சிப்பி வந்தது. கஞ்சியில்தான் போட்டேன். முதல் ஐந்தாறு தவிர.

கயிறு இழுக்கும் செய்தியைக் கரையில் சொன்னேன். கசாப்புக்கடைக்காரர், “அய்யய்யோ, அவ திரும்பி வந்தா படகையே பின்னால இழுத்துட்டுப் போயிடுவாளே” என்றார். நீ பலமாகிவிட்டாய் என்பதில் எனக்கும் பெருமைதான். பழகு. ஆனால் இடது தோளைப் பார்த்துக்கொள். கயிறு எந்த அக்குளில் இருக்கிறது என்று நீ எழுதவில்லை. வலது என்றால் நல்லது.

நானும் ஒன்று சேர்ந்திருக்கிறேன். ஊர் மண்டபத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஜோடி நடனம் சொல்லித் தருகிறார்கள். சிரிக்காதே. அங்கே ஹீட்டர் நன்றாக இருக்கிறது, அதுதான் காரணம். பனிக்கட்டி உடைத்து முதுகு பிடித்துக்கொண்டதும் ஒரு காரணம். ஆண்கள் மூன்று பேர், பெண்கள் பதினோரு பேர். எனக்கு ஜோடி மருந்துக்கடை தாக் அம்மா. அவளுக்கு அறுபத்தெட்டு வயது. இதை நீ கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

வால்ட்ஸ் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு இரண்டு வரைக்கும் வருகிறது.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வசந்தம் வரட்டும், தண்ணீரில் பார்ப்போம்.

முள்ளங்கிக் கிம்ச்சி புளித்துவிட்டது. குழம்பு வைத்தேன்.

கிசோல்


தோங்யோங்
பிப்ரவரி 3

கிசோலுக்கு,

‘நீங்கள்’ எழுத இன்று தெம்பில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

(வலது அக்குள்தான். கவலைப்படாதே. தாக் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். மூன்றாவது அடிக்கு உன் இடது கால் பின்னால் போகும் என்று நினைக்கிறேன், அவள் காலை மிதிக்காதே.)

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் போட்டி. பதினாறு அணி வந்தது. நாங்கள் மூன்று அணியைத் தோற்கடித்து இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரே நெத்திலிக் கருவாட்டுச் சந்தைப் பெண்கள், நாலு வருஷமாக ஜெயிக்கிறவர்கள். முதல் இழுப்பு எங்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் இரண்டு நிமிஷம் ஒருவரும் அசையவில்லை. எனக்கு முன்னால் இருந்தவளின் கழுத்தில் வியர்வை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நாங்கள் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனோம். இன்னும் ஓர் அடி போதும். கூடத்தில் ஒரே கூச்சல்.

அப்போது அவர்கள் கால் மாற்றினார்கள் போலிருக்கிறது. கயிறு ஒரு கணம் தளர்ந்தது. அடுத்த கணம் வெட்டி இழுத்தது.

தளர்ந்த கயிறு, பிறகு வெட்டு. பதினாறு வருஷத் தண்ணீரில் என் உடம்புக்கு அதற்கு ஒரே பதில்தான் தெரியும். கையை விட்டுவிட்டேன்.

எனக்குப் பின்னால் இருந்த நாலு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். முன்னால் இருந்த மூன்று பேரை எதிரணி தரதரவென்று பாய் மேல் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் நிற்பவளை நங்கூரம் என்பார்கள், அவள் உடம்பைச் சுற்றித்தான் கயிற்றின் முனை போகும். அவள் முழங்கை தோல் உரிந்துவிட்டது. நான் மட்டும் வெறுங்கையோடு நடுவில் நிற்கிறேன், முகத்தைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றிக்கொள்ளத் தலையைத் திருப்பியபடி. தண்ணீரா அங்கே இருக்கிறது!

“எவடி கயித்த விட்டது?” என்று ஹோசுன் அக்கா கத்தினாள்.

கையைத் தூக்கினேன்.

“ஏன்டி விட்ட?”

“பழக்கம்க்கா.”

“உலகத்துல எங்கடி இப்படி ஒரு பழக்கம்?”

எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். அப்புறம் அவர்கள் என்னை விடவில்லை. மாக்கொல்லிக் கள்ளுக்கடைக்கு இழுத்துப் போய், தோல் உரிந்த நங்கூரமே எனக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தாள். “அடுத்த வருஷம் உன் கையைக் கயித்தோட சேர்த்துத் தைச்சிடறேன்” என்றாள். அணியை விட்டு அனுப்பவில்லை. எனக்கு ‘விட்டவ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் மூன்று நாளாக ஒரே யோசனை. என்னைக் கேட்காமலேயே என் கை வேலை செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கை விட்டது எனக்கே தெரியவில்லை, கீழே பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்படியென்றால் நாலாவது பந்திலும் அதேதான் நடந்திருக்கும். மடக்கவில்லை என்று சத்தியம் செய்தேனே, மடக்கியிருப்பேன். நீ பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறாய். அத்தனை பேர் முன்னால் உன்னைப் பொய்க்காரன் ஆக்கிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு. மேங் முதலாளியிடம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கும் பெயர் கொடுக்க வேண்டாம். என் கையை நானே நம்ப முடியாவிட்டால் எந்தப் படகாக இருந்தால் என்ன? மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டு நம் மிதவையிலேயே இருந்துவிடுகிறேன். சிப்பி வேலை இந்த மாதக் கடைசியில் குறையும். அப்போது வருகிறேன்.

யோன்ஜு


சோங்பியோங்
பிப்ரவரி 10

யோன்ஜு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. நாலு நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது. இப்போது எழுதுகிறேன்.

நீ எழுதியதெல்லாம் எனக்குச் சாதகம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நீ வந்துவிடுவாய், மேங் படகு இல்லை, தேர்வு இல்லை. எனக்கு வேண்டியது எல்லாம் நடந்துவிடும். படித்து முடித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அன்றைக்கு மதியம் ராம்யோன் நூடுல்ஸ் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

நாலாவது பந்தில் உன் கை மடங்கவில்லை. ஒரு முறைகூட மடங்கவில்லை. நான்தான் தளர்த்தினேன்.

ஏழு ஞாயிற்றுக்கிழமையும், தேர்வு நாளிலும். அன்றைக்குத் தேர்வு நடத்தியவர்களுடைய ஓட்டுநர் வராமல் என்னையே ஓட்டச் சொன்னார்களே, அது என் கெட்ட நேரம். வேக முள் ஐம்பத்தைந்திலிருந்து ஐம்பத்துமூன்றுக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் தளர்த்தினேன். போன வருஷத்துக்கு முந்தின கோடையில் நீ நாலாவது பந்தில்தான் விழுந்தாய். உன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது இடது கை தோளிலிருந்து கழன்று தனியாகத் தொங்கியது. நீ வலியில் கத்தவில்லை, “கயிறு எங்க, கயிறு எங்க” என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ நாலாவது பந்துக்குத் திரும்பி இடது தோளில் பாரத்தை ஏற்றும்போதெல்லாம் என் கை தானாகப் பின்னால் வருகிறது. முதல் இரண்டு முறை தானாக வந்தது. பிறகு தெரிந்தே செய்தேன்.

அது பயம். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். “பயமா இருக்குடி” என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அத்தனை பேர் முன்னால் நீ கேட்டதும் என் வீம்பு முன்னால் வந்து நின்றுகொண்டது. உன் கை மேல் பழியைப் போட்டேன். போட்ட பழியைக் குளிர்காலம் முழுக்க எடுக்காமல் கதவுக் கீல் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நடனத்துக்குப் போனேன். தாக் அம்மா பாதிப் பாட்டில் நின்றுவிட்டாள்.

“ஏம்ப்பா, நான் என்ன டோஃபு கட்டியா?”

“ஏன், என்னாச்சு?”

“சுத்தும்போதெல்லாம் கையைத் தளர விடுற. நான் உடைஞ்சிடுவேன்னா பயப்படுற? நீ கெட்டியாப் புடிச்சாத்தான் நான் சாய முடியும். நீ விடுறதாலதான் நான் விழப் போறேன்.”

சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. அங்கேயே சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது, அவளிடம் சொல்லி என்ன பயன்?

இன்னொன்று. அந்த நங்கூரக்காரி உன் கையைக் கயிற்றோடு தைக்க வேண்டாம். பாய் மேல் அது தப்பாக இருக்கலாம், அவர்களிடம் நான் வந்து வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன். தண்ணீரில் நீ கையை விடுகிறவளாகவே இரு. அதனால்தான் பதினாறு வருஷமாக வீடு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறாய். உன் கை சரியான கை.

தேர்வுக்குப் பெயர் கொடு. மேங் முதலாளிக்கு இன்னும் பதில் சொல்லவில்லையென்றால், சொல்லாதே. யோசித்துச் சொல். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

கிசோல்


தோங்யோங்
பிப்ரவரி 14

கிசோல் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். இன்று எழுதினால் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும். பிறகு எழுதுகிறேன்.

யோன்ஜு


தோங்யோங்
பிப்ரவரி 25

கிசோலுக்கு,

பதினொரு நாள் எழுதவில்லை. நீ தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பாய். பார்த்தாயா? நல்லது. கொஞ்சம் பார்க்கட்டும் என்றுதான் விட்டேன்.

முதல் நாலு நாள் கோபம். சிப்பிக் கத்தியை அவ்வளவு வேகமாகப் போட்டேனாம், அக்கா பக்கத்து மேசைக்கு நகர்ந்துவிட்டாள். கோபம் நீ தளர்த்தியதற்கு இல்லை. ஏழு வாரமாகக் காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேனே, அதற்கு. என் உடம்பை என்னையே சந்தேகப்பட வைத்தாயே, அதற்கு. நீ பயந்து தளர்த்தியதுதான் தோளுக்கு அதிக ஆபத்து என்பது உனக்கே தெரியும். தளர்ந்த கயிறு சும்மாவா இருக்கும்? அடுத்த நொடியே வெட்டும். தோளைக் காப்பாற்றுகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் அதை வெட்டி இழுத்திருக்கிறாய், மடையா.

ஐந்தாவது நாள் காலையில் எழுந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்று முதலில் புரியவில்லை. பல் விளக்கும்போதுதான் புரிந்தது. என் கை மடங்கவில்லை! கொட்டகைக்குப் போனதும் ஹோசுன் அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள்.

“ஒம் புருஷன் வாயத் தொறக்காம இருந்திருந்தா நீ அவன்கிட்டயே போயிருப்பல்ல?”

“ஆமாக்கா.”

“தெரிஞ்சும் சொன்னானா?”

“தெரிஞ்சுதான் சொன்னான்.”

“அப்ப அவன் பயந்தாங்கொள்ளி இல்லடி” என்றாள். அதற்கப்புறம் அன்று முழுக்க என்னை ‘விட்டவ’ என்று கூப்பிடவில்லை.

அதை எண்ணித்தான் உன்னோடு இப்போது ‘நீ’ பேசுகிறேன்.

முடிவு செய்துவிட்டேன். நேற்று மேங் முதலாளிக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏப்ரலிலிருந்து காலையில் அவர் படகுக்குப் பின்னால்தான் பழகுவேன், பிறகு மதியம் வரை அவர் கடையில் கற்றுக்கொடுப்பேன். தேர்வுக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது. இனிமேல் தளர்த்த மாட்டேன் என்று நீ எழுதவில்லை, அதற்கு உனக்கு நன்றி. எழுதியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். என் கை என்னைக் கேட்காதது மாதிரி உன் கையும் உன்னைக் கேட்காது. அந்த இயந்திரத்துக்கு என் மேல் பாசம் கிடையாது. நாலாவது பந்தில் எனக்கு அப்படி ஒருத்தர்தான் வேண்டும்.

ஆனால் இதையும் கேள். நீ எனக்குப் படகோட்டியாக வேண்டாம், புருஷனாக வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்று நாம் நினைத்ததுதான் தப்பு. மதியத்துக்கு மேல் நம் மிதவையில் நம் மாணவர்களுக்குத்தான் கற்றுக்கொடுப்பேன் என்று மேங் முதலாளியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், முனகினார், ஒத்துக்கொண்டார். சாப்பாடு நம் வீட்டில். தூக்கம் நம் வீட்டில். சண்டையும் நம் வீட்டில்தான்.

இது உனக்கு வலிக்கும் என்று தெரியும். சம்மதமில்லை என்றால் எழுது. சம்மதம் என்றாலும் எழுது. கதவுக் கீல் பற்றி மட்டும் எழுதாதே.

யோன்ஜு


சோங்பியோங்
மார்ச் 4

யோன்ஜுவுக்கு,

வலித்தது. இரண்டு நாள் படகின் தார்ப்பாயை எடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கசாப்புக்கடைக்காரர் பார்த்துவிட்டு, “கரையில நிக்கிற படகுல எங்கப்பா போற?” என்று கேட்டார்.

மூன்றாவது நாள் மேங் முதலாளி கடைக்குப் போனேன். பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தே போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், அடிக்க வருகிறேன் என்று நினைத்தார் போல. புதுப் படகைக் காட்டச் சொன்னேன். காட்டினார். வேகம் போடும் பெட்டி ஒரு புத்தகம் அளவுதான் இருக்கிறது. ஐம்பத்தைந்து என்று போட்டால் ஐம்பத்தைந்துதான், நீ எவ்வளவு பாரம் போட்டாலும் அசையாது என்றார். அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். நல்ல படகு. நிஜமாகவே நல்ல படகு.

பிறகு ஒன்று கேட்டேன். ஓட்டுகிறவரைத் தவிரப் படகில் இன்னொருத்தர் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டுமே, நீ விழுந்தால் கொடியைத் தூக்க, அந்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்று. கை சும்மா இருக்கிற யாராவது உட்காருவார்கள் என்றார்.

“காலைல எனக்குக் கை சும்மாதான் இருக்கு” என்றேன்.

“உனக்குன்னு கடை இல்லையா?”

“மத்தியானம்தான் ஆள் வருவாங்க.”

“சம்பளம் எல்லாம் தர முடியாது, கிசோல்.”

“கேட்டேனா?”

அவர், “வேகப் பெட்டியத் தொடக் கூடாது” என்றார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன் என்று சொன்னேன். சிரித்துவிட்டுக் காப்பி ஊற்றினார்.

உனக்குச் சம்மதமில்லை என்றால் போக மாட்டேன். ஆனால் நீ சம்மதிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஏனென்று சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷமாக உன்னைப் படகில் இழுத்திருக்கிறேன். ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே இருக்கிற அந்த உள்ளங்கை அகலக் கண்ணாடியில் ஒரு பொட்டு மாதிரிதான் நீ வருவாய், திரும்பினால் அதுவும் மறைந்துவிடும். எல்லோரும் சொல்வார்கள், உன் பெண்டாட்டி மூன்றாவது பந்தில் சாய்ந்து திரும்புவதைப் பார்க்க வேண்டும், தோள் தண்ணீரைத் தொடும் என்று. கேட்டுத் தலையாட்டுவேன். நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பனிக்கட்டி பாதி ஏரி வரைக்கும் போய்விட்டது. வா. நான் பின்பக்கம் பார்த்து உட்காரப் போகிறேன்.

கிசோல்